பூவுக்கா பரிசு? இலைக்கா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார்கள். அதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். ஆகவே நான் இன்று ஒரு ரோஜாச் செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். பரிசு கொடுக்கும் நாளில் ரோஜாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ரோஜாவுக்கும் பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பரிசு தவறான இடத்துக்குப் போனதால் ஒரு செடிக்கு என்ன கதி வந்தது, பிறகு யார் அதைச் சரி செய்தார்கள் என்பதுதான் என் கதை.

‘கேர்ஃப்ரீ சன்ஷைன்’ என்று ஒரு ரோஜா இருக்கிறது. கவலையில்லாத சூரிய ஒளி என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வெளிர் மஞ்சள் பூ. புதர் போலப் படர்ந்து வளரும். இந்த வகையை வீட்டு முற்றத்திலும் சாலை ஓரத்திலும் வரிசையாக நட்டுவிட்டு, நம்ம ஊரில் செம்பருத்தி வேலியைப் பார்த்துக்கொள்வது போல, ஆண்டுக்கொரு தடவை வெட்டிவிட்டால் போதும் என்கிறார்கள். மருந்து அடிக்க வேண்டியதில்லை. கேட்பதற்குச் சின்னச் சங்கதியாகத் தோன்றும். ஆனால் மஞ்சள் பூவும், நோய் தாங்கும் இலையும் ஒரே செடியில் சேர்வதற்கு நூறு ஆண்டு ஆயிற்று என்றால் நம்புவீர்களா?

முதலில் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐரோப்பாவின் பழைய தோட்ட ரோஜாக்களில் வெள்ளை உண்டு, இளஞ்சிவப்பு உண்டு, கருஞ்சிவப்பு உண்டு. நல்ல மஞ்சள் கிடையாது. 1824-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஒரு ரோஜா வெளிர் மஞ்சளாக இருந்தது. ஆனால் அந்த இனம் குளிர் தாங்காது. ரோஜாவின் சிவப்பும் மஞ்சளும் வெவ்வேறு சாயப் பொருள்கள். மஞ்சள் தருவது கேரட் கிழங்குக்கு நிறம் கொடுக்கும் சாயத்தின் இனத்தைச் சேர்ந்தது. அந்தச் சாயம் நிறைய உள்ள ரோஜா ஒன்று மேற்கு ஆசியாவில் இருந்தது. அதன் ஐந்திதழ்ப் பூவை ஐரோப்பியர் முன்பே அறிந்திருந்தனர். அதிலேயே அடுக்கு இதழ் கொண்ட வகையை 1837-ஆம் ஆண்டு சர் ஹென்றி வில்லாக் என்பவர் பாரசீகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். ‘பாரசீக மஞ்சள்’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

நிறம் தங்கம் போல. ஆனால் குறைகள் பல. ஆண்டுக்கு ஒரே தடவைதான் பூக்கும். வாசனையோ முகத்தைச் சுளிக்க வைக்கும். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே ‘நாற்றமுள்ளது’ என்ற பொருள் இருக்கிறது. விதை பிடிப்பதும் அரிது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலரும் விட்டுவிட்டார்கள்.

விடாதவர் ஒருவர் இருந்தார். பிரான்சு நாட்டில் லியோன் நகரத்துப் பக்கம் நாற்றுத் தோட்டம் வைத்திருந்த ஜோசப் பெர்னே-டுஷே. 1880-களில் அவர் இந்தப் பாரசீக மஞ்சளின் மகரந்தத்தை எடுத்து மற்ற ரோஜாக்களில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

மாணவர்களே, இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். தாய்ச் செடியின் மொட்டு விரிவதற்கு முன்பே இதழ்களை எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளையும் ஒன்று விடாமல் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டுவிடும். பிறகு தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சிறிய தூரிகையால் தொட்டு, சூல்முடியின் மேல் தடவ வேண்டும். காற்றோ வண்டோ வேறு மகரந்தம் கொண்டுவராதபடி மூடிக் கட்டி, அட்டையில் தாய் தந்தை பெயரெழுதி மாட்ட வேண்டும். காய் பழுக்கச் சில மாதம். பழுத்தபின் விதையைச் சில வாரம் குளிரில் வைத்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் ஒரு காயிலிருக்கும் பத்து விதையும் பத்து விதமாக இருக்கும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்?

இது உங்கள் பெற்றோருக்குப் புதிதல்ல. நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உண்டாக்கிய அறுநூறாம் எண் ரப்பர் இப்படித்தான் பிறந்தது. அதற்கு ஒரு பெற்றோர் ஜாவாவைச் சேர்ந்த மரம். இன்னொரு பெற்றோர் பிராங் பெசார் தோட்டத்து மரம். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது. நல்ல மரம் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் விதையை நம்ப மாட்டார்கள். கண்ணை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். ரோஜாவுக்கும் அதே முறைதான்: ஒட்டு, அல்லது குச்சி நட்டு வேர் பிடிக்க வைப்பது.

பெர்னே-டுஷே ஆண்டுக் கணக்கில் முயன்றார். பெரும்பாலான முயற்சி வீண். கடைசியில் கிடைத்த ஒரு செடியை வளர்த்துப் பெருக்கி, 1900-ஆம் ஆண்டு ‘சொலேய் டோர்’ என்ற பெயரில் வெளியிட்டார். தங்கச் சூரியன் என்று பொருள். ஆரஞ்சு கலந்த மஞ்சள். இன்று கடையில் நாம் காணும் ஆழ்ந்த மஞ்சள் ரோஜாக்கள் பெரும்பாலும் அதன் வழி வந்தவைதாம். அந்த மனிதருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இருவருமே முதல் உலகப் போரில் மாண்டு போனார்கள். 1920-இல் தாம் வெளியிட்ட மஞ்சள் ரோஜாவுக்கு மூத்த மகன் குளோடியுஸ் பெயரையும், அடுத்த ஆண்டு வந்த ரோஜாவுக்கு இளைய மகன் ஜார்ஜ் பெயரையும் சூட்டினார். 1928-இல் அவரும் காலமானார். தகப்பன் தேடிய நிறம் பிள்ளைகளின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த தங்கத்துக்குள் ஒரு தீமையும் ஒளிந்திருந்தது. அதுதான் கரும்புள்ளி நோய்.

ரோஜா வளர்த்தவர்களுக்கு இது தெரியும். இலையில் ஓரம் சிதைந்த கறுப்புப் பொட்டு விழும். பொட்டைச் சுற்றி மஞ்சளாகும். இலை உதிரும். சில வாரத்தில் செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். இது ஒரு பூசணத்தின் வேலை. மழைத்துளி தெறிக்கும்போது அதன் நுண்விதைகள் இலைக்கு இலை தாவும். இலை ஏழு மணி நேரம் போல் ஈரமாகவே இருந்தால் உள்ளே நுழைந்துவிடும். பாரசீக மஞ்சளின் தாயகமோ வறண்ட பூமி. அங்கே இலை அவ்வளவு நேரம் ஈரமாக இருப்பது அபூர்வம். எதிரியே இல்லாத ஊரில் கோட்டைச் சுவர் எதற்கு? அதனால் அந்த இனத்திடம் இந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. மழை பெய்யும் நாடுகளுக்கு வந்தபோது, தன் நிறத்தோடு இந்தப் பலவீனத்தையும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டது.

சரி, நோயுள்ள செடியை எறிந்துவிட்டு நல்லதை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஏன் செய்யவில்லை? இங்கேதான் பரிசு வருகிறது.

இங்கிலாந்தில் 1876-இல் தேசிய ரோஜாச் சங்கம் தோன்றியது. கண்காட்சிகள் பெருகின. கண்காட்சியில் என்ன வைப்பார்கள்? செடியையா? இல்லை. பூவை வெட்டி எடுத்து வந்து மேசையில் வரிசையாக வைப்பார்கள். நடுவர் பூவின் அளவைப் பார்ப்பார், இதழ் அடுக்கைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார். அந்தப் பூவைப் பெற்றெடுத்த செடி வீட்டில் இலையில்லாமல் நிற்கிறதா, நோயில் கிடக்கிறதா என்று அந்த மேசையில் எப்படித் தெரியும்? பரிசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முயற்சியும் போகும். ஆகவே பூ பெருத்தது, இலை மெலிந்தது. மெலிந்த இலையைக் காப்பாற்ற மருந்து வந்தது. முதலில் கந்தகமும் மயில்துத்தமும்; பிறகு தொழிற்சாலை மருந்துகள். வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நாளைக்கு ஒரு தடவை அடித்தால்தான் ரோஜா என்ற நிலை வந்துவிட்டது.

மருந்து அடிப்பது என்று வாயால் சொல்வது சுலபம். அடிக்கிறவர் யார்? இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மார்கள் பலருக்கு அதற்கு விளக்கம் வேண்டாம். முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு, வெயிலில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் தோட்டங்களில் அடித்தது புல்லுக்கான மருந்து, பூசணத்துக்கான மருந்து அல்ல. ஆனால் தோளில் இறங்கும் பாரமும் கண்ணில் விழும் எரிச்சலும் யாருக்கும் ஒன்றுதான். புல்லுக்கு அடித்த பாராக்குவாட்டை 2002-இல் தடை செய்வதாக அறிவித்து, 2006-இல் மறுபடி இடம் கொடுத்து, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்தார்கள். எத்தனை ஆண்டு, பாருங்க! மருந்தே வேண்டாத ஒரு செடியை உண்டாக்குகிறவர் பூவுக்கு மட்டும் நன்மை செய்யவில்லை. ஒரு தொழிலாளியின் முதுகிலிருந்து பாரத்தை இறக்கி வைக்கிறார். எனக்கு இந்த மஞ்சள் ரோஜா பெரிதாகப் படுவது அதனால்தான்.

அந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிரிஃபித் பக். அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். இவர் ரோஜாவுக்குள் வந்த வழியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது ஸ்பெயின் நாட்டுக்குப் பேனா நண்பராகக் கடிதம் எழுதினார். அது பெத்ரோ தோத் என்ற புகழ்பெற்ற ரோஜா வளர்ப்பாளரின் குடும்பம். அந்தக் கடிதத் தொடர்பில்தான் அவருக்கு ரோஜா மேல் ஆசை பிறந்தது. பள்ளிக்கூடத்தில் எழுதிய ஒரு கடிதம் ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது!

பக் தம் செடிகளுக்கு மருந்து அடிக்கவில்லை. ஐயோவாவின் கடும் பனிக்காலத்தில் மூடிப் பாதுகாக்கவும் இல்லை. எது தானாக நிற்கிறதோ அதை வைத்துக்கொண்டார். அவர் 1977-இல் தந்த ‘கேர்ஃப்ரீ பியூட்டி’ என்ற இளஞ்சிவப்பு ரோஜா அந்த வழியில் வந்தது. அவர் 1991-இல் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து நடந்தவர் வில்லியம் ரேட்லர்.

ரேட்லர் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரத்துக்காரர். சிறு பையனாக இருக்கும்போது தாத்தா பாட்டி வீட்டிலிருந்த ரோஜா விலைப்பட்டியல் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டியே ஆசை வளர்த்தவர். பிறகு அந்த ஊர்ப் பகுதியிலுள்ள போர்னர் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்தார். ரோஜாவைக் கலப்பினம் செய்யும் வேலையை வீட்டிலேயே செய்தார். பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கீழ் உள்ள நிலவறையில் விளக்கு வைத்து விதை முளைக்க வைத்தார்.

அவர் என்ன செஞ்சாரு தெரியுமா? மற்றவர்கள் நோய் வராமல் காக்கிறார்கள். இவர் நோயைத் தேடிக் கொண்டுவந்தார். கரும்புள்ளி பிடித்த இலைகளைப் பொறுக்கி, காய வைத்து, தூளாக்கி, தம் செடிகளின் மேல் தூவினார். போதாதென்று மேலிருந்து தண்ணீர் தெளித்து இலையை ஈரமாகவே வைத்திருந்தார். நோய்க்கு விருந்து வைத்த மாதிரி! நோய் பிடித்த செடி வெளியே. பச்சையாக நின்ற செடி அடுத்த சுற்றுக்குத் தாயாகவோ தந்தையாகவோ போகும். இப்படியே பல ஆண்டு.

அதிலிருந்து வந்ததுதான் ‘நாக் அவுட்’ என்ற சிவப்பு ரோஜா. அதன் குடும்பத்தில் பக்கின் ‘கேர்ஃப்ரீ பியூட்டி’யும் உண்டு. அமெரிக்க ரோஜாத் தேர்வுக் குழு அதற்கு 2000-ஆம் ஆண்டின் பரிசைக் கொடுத்தது. விதை முளைத்துக் கடைக்கு வருவதற்குள் பத்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதன் பூவில் இதழ்கள் கொஞ்சம்தான். பழைய கண்காட்சி மேசைக்கு ஏற்ற பூவே அல்ல. ஆனால் செடியாகப் பார்த்தால் உச்சி முதல் அடிவரை பச்சை.

சிவப்பு கிடைத்தது. மஞ்சள்? மஞ்சளைத் தரும் வழியிலேயேதான் நோயும் வருகிறது. நிறத்தை எடுத்துக்கொண்டு பலவீனத்தை மட்டும் கழற்றிவிட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போல. அதைத்தான் ரேட்லர் செய்தார். 2001-இல் ‘கேர்ஃப்ரீ சன்ஷைன்’ வந்தது. பிறகு ‘சன்னி நாக் அவுட்’ என்ற மஞ்சளும் வந்தது. 1900-க்கும் 2001-க்கும் இடையே நூற்றோர் ஆண்டு!

குறையே இல்லையா என்றால், உண்டு. இந்த மஞ்சள் வெயிலில் வெளிறி வெண்மஞ்சளாகிவிடும். அது மட்டுமல்ல. கரும்புள்ளியை வென்ற ‘நாக் அவுட்’ குடும்பத்தை அமெரிக்காவில் ஊரெல்லாம் நட்டார்கள். இன்னொரு நோய் வந்து சேர்ந்தது. ஒரு நுண்ணிய சிலந்திப் பேன் பரப்பும் நச்சுயிரி அது. 2011-இல்தான் இன்னது என்று கண்டுபிடித்தார்கள். அதைத் தாங்கும் சக்தி இந்தச் செடிகளுக்கு இல்லை. ஒரு தேர்வில் முதலிடம் பெற்றவர் எல்லாத் தேர்விலும் முதலிடம் பெறுவார் என்று எழுதி வைக்கவில்லை. ஒரே இனத்தை எங்கும் நடுவதன் ஆபத்தும் இதில் தெரிகிறது.

இனி, நம் பள்ளிக்கு வருகிறேன். மூன்று சொற்கள் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, பரிசு கொடுக்கும் பெரியவர்களுக்கு. நடுவர்கள் பூவை மட்டும் பார்த்ததால் நூறாண்டு இலை கெட்டது. ஜெர்மனியில் புதிய ரோஜாக்களைச் சோதிக்கும் தோட்டங்களில் 1997 முதல் மருந்தே அடிப்பதில்லை. மருந்தில்லாமல் சில ஆண்டு நின்ற செடிக்குத்தான் பட்டம். பரிசின் விதியை மாற்றினார்கள், செடியும் மாறிற்று. நம் பள்ளியிலும் புள்ளிகள் என்பது பூ. அதற்குப் பரிசு கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் மழையிலும் நாள் தவறாமல் வந்த பிள்ளை, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே பாடம் முடித்த பிள்ளை, இருபது புள்ளியிலிருந்து நாற்பதுக்கு ஏறிய பிள்ளை, இவர்களெல்லாம் இலை. அடுத்த ஆண்டு இலைக்கும் ஒரு பரிசு வையுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, பெற்றோர்களுக்கு. ரேட்லர் செடிமேல் நோயைத் தூவினார், செடி பலமாயிற்று. அதுபோலப் பிள்ளைகளையும் அடித்து வளர்த்தால்தான் உருப்படுவார்கள் என்று யாராவது சொல்லக்கூடும். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் தூவியதால் ஒரு செடிகூடப் பலம் பெறவில்லை. பலமாகப் பிறந்தது எது என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பலவீனமானது நோயில் செத்தது. ஆயிரம் செடியில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பைமேட்டில் போட ஒரு ரோஜாக்காரருக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அந்த உரிமை கிடையாது. பெற்றவர்களுக்கும் கிடையாது. இங்கே முளைத்த ஒவ்வொரு நாற்றும் நம் நாற்றுதான். வாடுகிற நாற்றுக்கு நிழலும் நீரும் கூடுதலாகக் கொடுப்பதுதான் நம் வேலை.

மூன்றாவது, மாணவர்களுக்கு. இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களே, வாழ்த்துகள். உங்கள் இலையையும் கவனித்துக்கொள்ளுங்கள். வாங்காத செல்வங்களே, உங்களை நாற்றமுள்ள பூ, ஒரு தடவை பூக்கிற பூ, உதவாத பூ என்று யாராவது ஒதுக்கியிருக்கலாம். பாரசீக மஞ்சளையும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குள் இருந்த தங்கத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். அதன் குறையைக் களைய இன்னொருவர் வந்தார். உங்களுக்கு அந்த இரண்டு பேரும் இந்தப் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்களைத்தான் நீங்கள் ஆசிரியர் என்று கூப்பிடுகிறீர்கள்.